டிக் கடியும் லைம் நோயும்: அமெரிக்க வடகிழக்கில் இருக்கும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் காடு இருக்கிறது. ஓக் மரங்கள், காய்ந்த சருகு, சாயங்காலமானால் நாலைந்து மான்கள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. ஜூன் மாதம் முழுக்க லுங்கியும் ரப்பர் செருப்புமாகக் காலையும் மாலையும் அந்த ஓரத்தில்தான் நடந்தார். ஒருநாள் முழங்காலுக்குப் பின்னால் தோல் கன்றியிருந்தது. "எங்கேயாவது இடிச்சிருப்பேன்" என்றார். நாங்கள் போன கிளினிக்கில் சிலந்தி கடித்திருக்கலாம் என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது, உடம்பெல்லாம் வலி, அந்தக் கன்றல் உள்ளங்கையைவிடப் பெரிதாகிவிட்டது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்ததுமே லைம் நோய் என்றார், டிக் என்ற உண்ணி கடித்துப் பரவும் கிருமி நோய். மாத்திரையில் அப்பா நன்றாகக் குணமானார்.

அன்றிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இங்கே இருக்கும் அளவுகளும் நாள் கணக்கும் பெரும்பாலும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்பவை. உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டிக் என்பது நம்மூர் உண்ணிதானா?

ஆமாம், அதே குடும்பம்தான். மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல ஊதிக் கிடக்குமே, அதன் உறவு. பூச்சி இனம் இல்லை, சிலந்திக்குப் பங்காளி. லைம் நோயைப் பரப்புவது இங்கே மான் உண்ணி என்றும் கருங்கால் உண்ணி என்றும் சொல்லும் ஒரு வகை. இதைப் பார்ப்பதற்கு நம்மூர் உண்ணியைப் பார்த்த கண் போதாது, ஏனென்றால் இது அவ்வளவு சிறியது. வளர்ந்தது எள் அளவு. வளராத இளம் உண்ணி கசகசா அளவுதான். நோய் பெரும்பாலும் அந்தக் கசகசா அளவிலிருந்துதான் வருகிறது, காரணம் அது கடித்திருப்பதே நமக்குத் தெரிவதில்லை. கடித்தால் வலிக்காது, அரிக்கவும் அரிக்காது. நாலு கசகசாவை உள்ளங்கையில் கொட்டி ஒருமுறை பாருங்கள். எதைத் தேட வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

மரத்திலிருந்து நம் மேல் விழுமா?

விழாது. பறக்காது, குதிக்காது. புல் நுனியிலோ செடியின் ஓரத்திலோ ஏறி, பின்கால்களால் பிடித்துக்கொண்டு முன்கால்களை நீட்டியபடி காத்திருக்கும். உரசிக்கொண்டு போகும் மான், நாய், மனிதர் யாராக இருந்தாலும் தொற்றிக்கொள்ளும். பிறகு மேல் நோக்கி ஊர்ந்து போகும். தலையில் ஓர் உண்ணி இருந்தால் அது மேலிருந்து விழுந்ததில்லை, பெரும்பாலும் காலிலிருந்து நடந்து வந்தது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு உண்ணியிடம் லைம் கிருமி இருக்காது. அது முதலில் ரத்தம் குடிப்பது பெரும்பாலும் வெள்ளைக்கால் எலியிடம். கிருமி அங்கேதான் ஏறுகிறது. அடுத்த பருவத்தில் கசகசா அளவில் வந்து நம்மைக் கடிக்கும்போது அது நமக்கு இறங்குகிறது. மான் இந்தக் கிருமியைத் தருவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகளுக்கு ரத்தம் கொடுத்து அவற்றைப் பெருக விடுகிறது. அதனால் தோட்டத்தில் மான் வராவிட்டாலும் எலி இருந்தால் கவனம் வேண்டும்.

லைம் என்ற பெயர் எப்படி வந்தது?

பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஓர் ஊர். 1970களின் நடுவில் அங்கேயும் சுற்றுப்பக்கத்திலும் குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கி, மூட்டுவாதம் என்று சொல்லப்பட்டது. ஒரே தெருவில் இத்தனை குழந்தைகளுக்கு எப்படி வரும் என்று விடாமல் கேட்டவர்கள் அந்த ஊர்த் தாய்மார்கள். பாலி மர்ரே என்பவர் தன் குடும்பத்துக்கு வந்த அறிகுறிகளையெல்லாம் குறித்துவைத்திருந்தார். 1975இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் ஆராயத் தொடங்கினார். திருகுபோல வளைந்த அந்தக் கிருமியை உண்ணிக்குள் கண்டுபிடித்தவர் வில்லி பர்க்டோர்ஃபர், அவர் ஆய்வு 1982இல் வெளியானது. கிருமிக்கும் அவர் பெயர்தான், பொரேலியா பர்க்டோர்ஃபெரி. ஒரு தாய் எழுதிவைத்த குறிப்பில் தொடங்கிய கதை என்பதால், நானும் அப்பாவின் காலில் தினமும் பார்த்ததைத் தேதி போட்டு எழுதிவைத்தேன்.

எந்த மாதங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

மே, ஜூன், ஜூலை மூன்றும் கசகசா உண்ணியின் காலம், அதுதான் மிக மோசம். வளர்ந்த உண்ணி அக்டோபர், நவம்பரில் வரும், பனி விலகியதும் மறுபடி வரும். டிசம்பரில்கூட வெயிலடித்து உறைநிலைக்கு மேல் போகும் நாளில் வெளியே வரும். இடம் என்று பார்த்தால், லைம் அதிகம் இருப்பது மேய்ன் முதல் வர்ஜீனியா வரையுள்ள கிழக்கு மாநிலங்கள், அப்புறம் விஸ்கான்சின், மின்னசோட்டா. நம்மவர்கள் அதிகம் இருக்கும் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் எல்லாமே இதில் வந்துவிடும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேருக்கு லைம் என்று சிகிச்சை தரப்படுவதாக ஒரு கணக்கு இருக்கிறது.

"நாங்கள் மலையேறப் போவதில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். மலையேற வேண்டியதில்லை. பின்வாசல் தோட்டம், பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகும் புதர், கோவில் வளாகத்தை ஒட்டிய மரங்கள், இவையே போதும்.

வெளியே போகும்போது என்ன செய்வது?

முழுக்கால் பேன்ட், அதன் அடியை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை. வெளிர் நிறமாக இருந்தால் ஊர்வது தெரியும். நடைபாதையின் நடுவில் நடங்கள்.

உண்ணி அண்டாமலிருக்க அடிக்கும் மருந்தில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பெர்மெத்ரின் 0.5 சதவீதம் என்று கிடைப்பது துணிக்கும் ஷூவுக்கும் மட்டும். தோலில் படக் கூடாது. வெளியே தொங்கவிட்டு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். பல சலவைக்குத் தாங்கும். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் பார்க்கவில்லை. பிள்ளைகளின் ஷூக்களுக்கு மே மாதத் தொடக்கத்திலேயே அடித்துவிடுவேன். ஈரமாக இருக்கும்போது பூனை பக்கத்தில் வரக் கூடாது, பூனைக்கு அது விஷம்.

தோலுக்கு டீட் அல்லது பிக்காரிடின் உள்ளவை. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டீட் வேண்டாம். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் என்று வருவதை மூன்று வயதுக்குக் கீழே தடவக் கூடாது.

வேப்பெண்ணெய் போதாதா?

போதாது. நம் பாட்டிமார் தடவியது என்ற மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் இந்த உண்ணி விஷயத்தில் அதை நம்பிப் பிள்ளையைப் புல்லில் விடமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

துணியைக் கழற்றி நேரே டிரையரில் போடுங்கள், வாஷரில் இல்லை. ஈரமில்லாத துணி என்றால் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓடினால் உண்ணி காய்ந்து செத்துவிடும். தண்ணீரில் அது சாவதில்லை, வெந்நீராக இருந்தால்தான் உண்டு. அடுத்தது குளியல். வந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிட்டால் இன்னும் ஒட்டாமல் ஊர்ந்துகொண்டிருப்பது கழுவிக்கொண்டு போய்விடும்.

அதன் பிறகு உடம்பைப் பார்ப்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அக்குள், காதுக்குள், காதுக்குப் பின்னால், தொப்புள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலுக்குப் பின்னால். குழந்தைக்கு அரைஞாண் கயிறு இருந்தால் அதைத் தூக்கி அடியிலும் பாருங்கள், இறுக்கமான இடத்தில் போய்த் தங்குவது அதன் வழக்கம். தலைமுடிக்கு, நம் வீடுகளில் பேன் பார்ப்போமே, அதேபோல் வகிடு வகிடாகப் பிரித்து விளக்கடியில் பார்க்க வேண்டும். என் மகளுக்கு ஐந்து வயதில் பின்னலை அவிழ்த்தபோது காதுமடலுக்குப் பின்னால் ஒரு மச்சம் தெரிந்தது. அந்த இடத்தில் அவளுக்கு மச்சமே கிடையாது. போன் வெளிச்சத்தில் பார்த்தால் கால்கள் அசைந்தன.

கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கு வேறு யாராவதுதான் பார்த்துவிட வேண்டும். கூச்சப்படுவார்கள், அப்பாவும் கூச்சப்பட்டார். முதுகையும் முழங்காலின் பின்பக்கத்தையும் யாராலும் தானே பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிப் புரியவையுங்கள்.

ஒட்டியிருக்கிறது. எப்படி எடுப்பது?

கூர்மையான நுனியுள்ள ட்வீசர் வேண்டும். புருவம் திருத்தும் அகல நுனி ட்வீசர் உண்ணியை நசுக்கிவிடும். தோலை ஒட்டி, அதன் வாய் இருக்கும் இடத்தில் பிடியுங்கள். வயிற்றைப் பிடிக்காதீர்கள். நேராக மேலே, ஒரே சீராக இழுங்கள். திருகாதீர்கள், வெடுக்கென்று பிடுங்காதீர்கள். தோல் கூடாரம்போலக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வரும், சில விநாடியில் விட்டுவிடும். வாய்ப்பகுதி உள்ளே தங்கிவிட்டால், எளிதாக எடுக்க வந்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதை ஊசியால் தோண்டிப் புண்ணாக்க வேண்டாம், தோலே தள்ளிவிடும். பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. செலோ டேப்பில் ஒட்டி, தேதியும் உடம்பில் எந்த இடம் என்பதும் எழுதி வைப்பது என் பழக்கம். ட்வீசர் இல்லையே என்று நாளை டாக்டரிடம் போகும்வரை காத்திருக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அம்மா மண்ணெண்ணெய் தொட்டு வைக்கச் சொல்கிறார். சுண்ணாம்பு?

வேண்டாம். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெயில் பாலிஷ், வாஸ்லின், அணைத்த தீக்குச்சி எதுவும் வேண்டாம். அது தானாக விடட்டும் என்று காத்திருக்கும் நேரம் முழுவதும் கிருமிக்குக் கிடைக்கும் நேரம். தொந்தரவு செய்தால் உள்ளே இருப்பதை நம் ரத்தத்தில் கக்கவும் கூடும். ஊரில் மாட்டுக்குச் செய்தது வேறு, இது வேறு.

கடித்தாலே நோய் வந்துவிடுமா?

வராது. எல்லா உண்ணியிலும் கிருமி இல்லை. இருந்தாலும் அது உண்ணியின் குடலிலிருந்து எச்சிலுக்கு வந்து நமக்குள் இறங்க, பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். தினமும் மாலையில் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும். தட்டையாக இருந்தால் இப்போதுதான் ஒட்டியது. ஊதியிருந்தால் நேரமாகிவிட்டது.

மான் உண்ணிதான், ஒன்றரை நாள் அளவுக்கு ஒட்டியிருக்கும், எடுத்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், டாக்டர் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரே ஒரு வேளை கொடுக்கலாம். பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம். குழந்தைக்கு எடையைப் பார்த்துத் தருவார்கள். இதனால்தான் தேதி எழுதி வைக்கச் சொன்னேன். உண்ணியைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. உண்ணியில் கிருமி இருந்தாலும் உங்களுக்கு வந்தது என்று அர்த்தமில்லை, முடிவு வருவதற்குள் மருந்துக்கான நேரமும் போய்விடும்.

அந்த வட்டத் தடிப்பு நம் நிறத்தில் எப்படித் தெரியும்?

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். இணையத்தில் தேடினால் வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டம், நடுவில் வெளுப்பு, மறுபடி சிவப்பு என்று குறிபார்க்கும் பலகைபோன்ற படம்தான் வரும். வெள்ளையர்களுக்கே எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. பலருக்கு நடுவில் வெளுக்காமல் ஒரே நிறமாகத்தான் இருக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பே எடுத்துக் காட்டாது. கன்றிப்போன இடம்போல, ஊதா கலந்த பழுப்பாக, சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்துத் தெரியும். அப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது. கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கு இந்த நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது பதிவாகியிருக்கும் விஷயம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஆகவே நிறத்தைப் பார்க்காதீர்கள், வளர்கிறதா என்று பாருங்கள். கடித்த 3 முதல் 30 நாளுக்குள் தொடங்கும், பெரும்பாலும் ஒரு வாரத்தில். நாளுக்கு நாள் பெரிதாகி ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டும், ஓர் அடிவரைகூடப் போகலாம். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். அரிப்போ வலியோ பெரும்பாலும் இருக்காது. கடித்த மறுநாளே வந்து, அரித்து, இரண்டு நாளில் மறையும் சின்னத் தடிப்பு லைம் இல்லை, அது கடியின் எரிச்சல்.

பால்பாயிண்ட் பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, பகல் வெளிச்சத்தில் தினமும் படம் எடுங்கள். கோட்டைத் தாண்டினால் அந்தப் படங்களோடு டாக்டரிடம் போங்கள். "இது லைம் ஆக இருக்குமா, எங்கள் நிறத்தில் சிவப்பாகத் தெரியாது" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். முதல் கிளினிக்கில் நான் அதைக் கேட்கவில்லை.

தடிப்பே வரவில்லை என்றால்?

நூற்றில் இருபது முப்பது பேருக்கு வருவதில்லை, அல்லது தலைமுடிக்குள் வந்து தெரியாமல் போகிறது. கோடையில் சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல், குளிர், தலைவலி, மூட்டுவலி, தாங்க முடியாத அசதி வந்தால் லைமை நினையுங்கள். கவனிக்காமல் விட்டால் வாரங்களில் முகத்தின் ஒரு பக்கம் தொங்கலாம், கழுத்து விறைக்கலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு என்றால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள். மாதங்கள் கழித்து முழங்கால் வீங்குவதும் உண்டு.

ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். அப்படியானால் இல்லைதானே?

முதல் சில வாரங்களில் அந்த நெகட்டிவை நம்ப முடியாது. சோதனை தேடுவது கிருமியை இல்லை, அதை எதிர்த்து நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளை. அது உருவாக நாளாகும். வளரும் தடிப்பு இருந்தால் சோதனைக்குக் காத்திருக்காமல் பார்த்தே சிகிச்சை தொடங்கலாம். அப்பாவுக்கு அப்படித்தான் தொடங்கினார்கள். எதிர்ப்பொருள் குணமான பிறகும் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். எனவே நோய் போய்விட்டதா என்று பார்க்க இந்தச் சோதனை உதவாது.

என்ன சிகிச்சை?

தடிப்பு நிலையில் பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, பத்து நாள். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அமாக்ஸிசிலின் போன்றவை, 14 நாள். மூட்டு வீக்கம் வரை போய்விட்டால் 28 நாள். நரம்பு, இதயம் என்றால் சில நேரம் ஊசி மருந்து.

டாக்ஸிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்கக் கூடாது, தொண்டைக்குழாயில் புண்ணாகிவிடும். பால், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரையை அதே வேளையில் சேர்க்காதீர்கள். அம்மா அப்பாவுக்குக் கால்சியம் கொடுத்துக்கொண்டிருப்போம், டாக்டரிடம் சொல்ல மறந்துவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், தொப்பி வேண்டும். குழந்தைகளின் பல் கறை படும் என்று பழைய பயம் ஒன்று உண்டு. குறுகிய நாள்களுக்கு எட்டு வயதுக்குக் கீழேயும் கொடுக்கலாம் என்று இப்போது குழந்தை மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மாத்திரை முடிந்தும் அசதி போகவில்லை.

நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு இப்படி மாதக்கணக்கில் அசதி, வலி, கவனக்குறைவு இருக்கிறது. உங்கள் கற்பனை இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் தந்து பார்த்த ஆய்வுகளில் அது நிலையாக உதவவில்லை, சிலருக்குக் கடுமையான கெடுதல் செய்தது. பெரும்பாலானோர் மெதுவாகத் தேறுகிறார்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை எல்லாம் பார்த்துவிடச் சொல்லுங்கள். நிறையப் பணம் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஊசி போடுகிறேன் என்பவரிடம் போக வேண்டாம்.

ஒருமுறை வந்தால் மறுபடி வராதா? ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுமா?

மறுபடி வரும். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் தொற்றாது.

நாய் இருக்கிறது. என்ன செய்ய?

நாய் நேரடியாக நமக்கு நோய் தராது, உண்ணியை வீட்டுக்குள், படுக்கைக்குக் கொண்டுவரும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு உண்ணித் தடுப்பு மருந்து கொடுங்கள், தினமும் காது, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். நாய்க்குத் தடுப்பூசி இருக்கிறது.

மனிதர்களுக்குத் தடுப்பூசி இல்லையா?

1998இல் ஒன்று வந்தது, 2002இல் கம்பெனியே விற்பனையை நிறுத்திவிட்டது. ஃபைசரும் வால்நேவாவும் சேர்ந்து உருவாக்கும் புதியது 2022இல் மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போனது.

ஆட்டுக்கறி சாப்பிட்டால் அலர்ஜி என்கிறார்களே, இதே உண்ணியா?

அது பெரும்பாலும் லோன் ஸ்டார் என்ற வேறு உண்ணி, பெண் உண்ணியின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அது கடித்த சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி சாப்பிட்டு இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் தடிப்பும் மூச்சுத்திணறலும் வருகிறது. சிலருக்குப் பால் பொருளிலும் வரும். இரவு பிரியாணி சாப்பிட்டு நடுராத்திரி உடம்பெல்லாம் தடித்தால், இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மான் உண்ணியும் லைமை மட்டும் தருவதில்லை. மலேரியாபோல ரத்த அணுக்களைத் தாக்கும் பபீசியோசிஸ் அதில் ஒன்று, அதற்கு மருந்தே வேறு.

ஊரில் "உண்ணிக் காய்ச்சல்" என்று செய்தி வருகிறதே, அது லைமா?

இல்லை. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் சொல்வது ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் மைட் என்ற இன்னும் சிறிய உயிரின் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான் மருந்து. லைம் இந்தியாவில் அரிதாகத்தான் பதிவாகியிருக்கிறது. அதனாலேயே, இங்கே கோடையைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர்களுக்கு அங்கே முழங்கால் வீங்கினாலோ முகம் கோணினாலோ, அங்குள்ள டாக்டர் லைமை நினைக்க வாய்ப்புக் குறைவு. அமெரிக்காவில் புல்வெளியில் நடந்தோம் என்று நாமாகச் சொன்னால்தான் உண்டு.

அப்பா ஊருக்குக் கிளம்பிய அன்று, தடிப்பு வந்த தேதி, மருந்தின் பெயர், எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பேனாக்கோடு போட்ட அந்தப் படத்தின் பிரிண்டையும் சேர்த்து அவர் பாஸ்போர்ட் கவருக்குள் வைத்து அனுப்பினேன்.